பழைய மடக்குக்கத்திக்குப் புதுப் பிடி: பினாங்கு ஈரக்காற்றைத் தாங்கும்படி செய்வது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையைச் சுற்றினால், மடக்குக்கத்தி ஒன்றிரண்டாவது கண்ணில் படும். அலகு நன்றாக இருக்கும், ஸ்பிரிங்கும் திறந்து மூடும்போது டக்கென்று அடிக்கும். ஆனால் ஒரு பக்கப் பிடி உடைந்து பித்தளைத் தகடு பல்லிளிக்கும். சேகரிப்பாளர்கள் அதைத் தொடமாட்டார்கள், அதனால் விலையும் குறைவு. இந்த வழிகாட்டி அந்த மாதிரிக் கத்திக்கானது. தாத்தாவின் மேசை இழுப்பறையில் கிடந்த பேனாக்கத்திக்கும் இதே முறைதான்.

பார்ப்பவர்கள் மெருகைத்தான் பார்ப்பார்கள். ஆனால் பிடி சில வருடம் கழித்தும் ஆடாமல் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: தகட்டோடு ஒட்டும் பின்பக்கம் எவ்வளவு மட்டமாக இருக்கிறது, மரம் எப்படிக் காய்ந்தது, ஆணியை எவ்வளவு பொறுமையாக அடித்தீர்கள். அதனால் இங்கே மெருகுக்குக் கொஞ்சம் இடம்தான் கொடுத்திருக்கிறேன்.

வேலைக்கு முன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். பட்டனை அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்தியைத் தொடவே வேண்டாம். சாதாரண மடக்குக்கத்தியைச் சந்தையிலிருந்து நேராக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வேலை முடிந்ததும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கொம்தார் கட்டடத்தைச் சுற்றக் கிளம்பாதீர்கள்.

எந்தக் கத்தியைத் தொடலாம்

அலகின் அடியில் இருக்கும் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலனிக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவற்றில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் முக்கியமானவை. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ். 'ஐ எக்ஸ் எல்' என்று இருந்தால் வோஸ்டன்ஹோம். இரட்டை மனிதர் சின்னம் என்றால் சோலிங்கனின் ஹென்கெல்ஸ். நாட்டின் பெயர் காலத்தைக் கணிக்க உதவும். பிரிட்டனின் 1887 வணிக முத்திரைச் சட்டமும் அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டமும் வந்தபிறகுதான் சாமான்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலானது. துருப்பிடிக்காத எஃகு என்று பொறித்திருந்தால் அது நிச்சயம் 1913க்குப் பிந்தியது. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி அந்த எஃகை உருவாக்கியது அந்த வருடம்தான்.

முத்திரை தெளிவாக இருந்து, மூலப் பிடி முழுதாகவும் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் பரவாயில்லை, மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் நின்றுவிடும். மூலப் பிடி போனால் அந்தக் கத்தியின் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும்.

இன்னொரு சோதனையும் அவசியம். ஆமை ஓடு போல, முத்து போல மின்னும் பிடி பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசம் வந்தால் அதேதான், ஏனென்றால் செல்லுலாய்டில் சேர்க்கும் பொருளே சூடம். இது சட்டென்று தீப்பிடிக்கும். பழசாகி உதிரத் தொடங்கியதும் அமில ஆவியை விடும். அந்த ஆவி அலகை அரிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றக் கத்திகளையும் அரிக்கும். அலகின் ஒரு பகுதியில் மட்டும் காரணமில்லாமல் துருவேறியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். நல்ல கத்தியாக இருந்தாலும் உதிரும் செல்லுலாய்டைத் தயங்காமல் மாற்றலாம். ஆனால் சூடுபடுத்தியோ மெஷினில் தேய்த்தோ எடுக்காதீர்கள்.

யானைத் தந்தமாக இருந்தால்? முனையில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் கோடுகள் தெரியும். அதை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். எலும்பில் அந்த வலை இருக்காது, சிறு புள்ளிகளும் கீற்றுகளும்தான் இருக்கும்.

முதல்முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை: ஒரே ஒரு அலகு, முன்பக்கம் மட்டும் போல்ஸ்டர், அதாவது அலகு திரும்பும் இடத்தில் மட்டும் உலோகக் கவசம் உள்ள கத்தி. இங்கிலாந்தில் பார்லோ என்று சொல்லும் பழைய வடிவம் இதுதான். இரண்டு முனையிலும் போல்ஸ்டர் இருந்தால் கடைசி ஆணி அதற்குள் மறைந்திருக்கும், அதை எடுப்பது பெரிய வேலை.

உள்ளே என்ன இருக்கிறது

நடுவில் அலகும், அதற்குப் பின்னால் முதுகு ஸ்பிரிங்கும் இருக்கும். இரண்டு பக்கமும் பித்தளை உள்தகடு. உள்தகட்டின் வெளிப்பக்கம் பிடி. இவற்றை மூன்று ஆணிகள் சேர்த்து நிறுத்துகின்றன. அலகு சுழலும் அச்சாணி போல்ஸ்டர் வழியாகப் போகும். நடு ஆணி பிடி, தகடு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் துளைத்துப் போகும். கடை ஆணி வால்பக்கம். சில கத்திகளில் பிடியைத் தகட்டோடு மட்டும் பிணைக்கும் குட்டி ஆணி ஒன்றும் இருக்கும்.

இதில் விதி ஒன்றுதான்: அச்சாணியைத் தொடாதீர்கள். அலகு ஆடாமல் திரும்புவதும், மூடும்போது நடுவில் சரியாக இறங்குவதும் அந்த ஒரு ஆணியால்தான். தொழிற்சாலைக் கைவினைஞர் அடித்த அந்த இறுக்கத்தை வீட்டில் மறுபடி கொண்டுவருவது லேசில்லை. அது பிடியைத் துளைத்துப் போகவும் இல்லை, அப்புறம் ஏன் எடுக்க வேண்டும்? நடு ஆணியும் கடை ஆணியும் போனாலே போதும். ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், இரண்டு தகடுகளும் அச்சாணியைச் சுற்றி விசிறி போல விரியும்.

கழற்றுதல்

முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். டிஜிட்டல் காலிப்பர் இருந்தால் பிடியின் தடிமன், ஆணியின் விட்டம், கத்தியின் மொத்த அகலம் மூன்றையும் எழுதிவையுங்கள். பிடி பெரும்பாலும் 2.5 முதல் 4 மி.மீ. இருக்கும். ஆணியின் விட்டம் 1.6 மி.மீ. பக்கம் இருக்கும், பெரிய கத்தியில் 2.4 வரை போகும்.

அலகை மூடி, திறப்புப் பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் சுற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் விசை இருக்கும். எப்படியும் பழைய பிடி போகப்போகிறது, அதனால் ஆணித் தலையைத் துளையிட்டு எடுக்க வேண்டியதில்லை. துளையிட்டால் டிரில் வழுக்கித் தகட்டின் ஓட்டையைக் கெடுத்துவிடும். மெல்லிய உளியைப் பிடிக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்து மெதுவாகத் தட்டுங்கள். பிடி சில்லாகப் பெயர்ந்து ஆணி குச்சியாக நிற்கும். அதைத் தகட்டுக்கு அருகில் வெட்டி, அரத்தால் மட்டமாக்குங்கள்.

இப்போது கத்தியை ஒரு பெரிய இரும்பு நட்டின் மேல் படுக்க வையுங்கள், ஆணி நட்டின் ஓட்டைக்கு நேராக இருக்கட்டும். ஆணியைவிடச் சற்று மெல்லிய பஞ்ச்சை (ஆணியைத் தள்ளும் எஃகுக் குச்சியை) வைத்துச் சுத்தியலால் தட்டினால் கீழே இறங்கிவிடும். முதலில் கடை ஆணி, பிறகு நடு ஆணி. அடம் பிடித்தால் ஒரு சொட்டு டபிள்யூடி-40 விட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

உடைந்த பிடித் துண்டுகளையும் பழைய ஆணிகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அளவு பார்க்க உதவும். பின்னாளில் கத்தி வேறொருவர் கைக்குப் போனால் மூலப்பொருள் எதுவென்று சொல்ல அதுதான் சாட்சி.

சுத்தம்

பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியே போதும். ஆனால் அலகும் எஃகு, ஸ்பிரிங்கும் எஃகு. புளித்தண்ணீர் அவற்றில் தங்கினால் மறுநாளே கறுத்துவிடும். தகட்டை மட்டும் பஞ்சால் துடைத்து, உடனே சுத்தத் தண்ணீரால் துடைத்து, ஹேர்டிரையரால் உலர்த்துங்கள். ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து 0000 நம்பர் ஸ்டீல் உல்லால் தேய்த்தால் போதும்.

அலகைப் பளபளவென்று ஆக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். சிவப்புத் துரு போகட்டும், சாம்பல் நிறப் படிவு இருக்கட்டும். பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் முத்திரை மங்கும், அப்புறம் அது வெறும் இரும்பு.

பிடிக்கு என்ன பொருள்

இங்கேதான் பினாங்கில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் உதவாமல் போகின்றன. ஐரோப்பாவில் உலர்ந்த அறையில் செய்த பிடி வேறு, வருடம் முழுக்க ஈரம் சுமக்கும் நம் ஊர்க் காற்றில் செய்த பிடி வேறு. ஜன்னல் திறந்த வீட்டில் மரத்தின் ஈரப்பதம் 15, 16 சதவீதம் பக்கம் நிற்கும். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் அது 11, 12 வரை இறங்கலாம். 15 மி.மீ. அகலப் பிடியில் இந்த வித்தியாசம் 0.2 மி.மீ. அளவுக்குச் சுருக்கத்தைக் கொண்டுவரும். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும், ஆனால் தகட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டும். அதனால் கத்தி எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில் மரத்துண்டுகளை இரண்டு மூன்று வாரம் திறந்து போட்டுவையுங்கள். இதைத் தவிர்க்க எந்தக் குறுக்குவழியும் இல்லை.

அறுப்பும் முக்கியம். வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. துண்டின் முனையைப் பாருங்கள்: வளையக் கோடுகள் பிடியின் தட்டைப் பக்கத்துக்குச் செங்குத்தாக நின்றால் அந்தத் துண்டு அகலத்தில் அதிகம் அசையாது. படுத்துக் கிடந்தால் வேறு துண்டு தேடுங்கள்.

என் முதல் தேர்வு செங்கால் என்ற உள்ளூர் மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்தது, கனமானது, கறையான் தொடாதது. நிறம் ஆரம்பத்தில் சாதுவாக இருக்கும், கைபடக் கைபடக் கருஞ்சிவப்பாகும்.

மெர்பாவ் எளிதாகக் கிடைக்கும், கதவும் தரையும் செய்யும் பட்டறைகளில் கழிவுத் துண்டாகவே வாங்கலாம். அழகும் குறைவில்லை, நுண்துளைகளில் மஞ்சள் பொடி தங்கி மின்னும். ஆனால் ஈரம் பட்டால் செந்நிறச் சாயம் விடும், இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். எனவே மெர்பாவுக்குப் பித்தளை ஆணி அல்லது நிக்கல் சில்வர் ஆணி மட்டும்தான்.

கெமுனிங் மரத்தை மலாய்க் கைவினைஞர்கள் கெரிஸ் குத்துவாளின் பிடிக்குக் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கறிவேப்பிலைக் குடும்பம். மஞ்சள் நிறம், மிக நெருக்கமான இழை, மெருகு ஏற ஏறத் தந்தம் போல வழவழப்பு. சின்னக் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் மரம் எனக்குத் தெரியாது. பெரிய துண்டு கிடைக்காது, நமக்குத் தேவையும் இல்லை.

கருங்காலி கேட்பவர்கள் அதிகம். கருங்காலி மாலை அணியும் மோகம் வந்தபிறகு சாயம் ஏற்றிய மரமும் அந்தப் பெயரில் விற்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் அழுத்தித் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வழிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசல் கருங்காலி நன்றாக இருக்கும், ஆனால் ஏர்கான் அறையில் வெடிக்கும் சுபாவம் உண்டு.

ரப்பர் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் தாத்தாவின் கத்திக்கு ரப்பர் மரத்துப் பிடி வேண்டும் என்று கேட்பார்கள். மரம் என்ற அளவில் அது இந்த வேலைக்குச் சுமார்தான்: மென்மை, பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், புழு துளைக்கும். பச்சை மரத்தில் அறுத்த துண்டு வேண்டாம். மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய மரச்சாமான் துண்டை வாங்கி, மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு இறுக்கிச் செய்தால் நிற்கும். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரியும்போது மறுக்க மனம் வராது.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ரெங்காஸ். சிவப்பில் கறுப்புக் கீற்றோடு ஆளை இழுக்கும் அழகு. ஆனால் சேங்கொட்டையும் முந்திரியும் சேர்ந்த குடும்பம் அது, பாலும் தூளும் தோலைப் புண்ணாக்கிவிடும். பழைய மேசையின் துண்டு என்று யாராவது தந்தாலும் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இனி மரமல்லாதவை. பழைய ஷெஃபீல்ட் கத்திக்கு மூலத்தோடு ஒத்துப்போவது மாட்டு எலும்பு. கால் எலும்பின் தட்டையான பகுதியை எடுத்து, சவுக்காரத் தண்ணீரில் மெல்லிய கொதியில் கொழுப்பைப் பிரித்து, வாரக்கணக்கில் உலர்த்த வேண்டும். தளதளவென்று நெடுநேரம் கொதித்தால் எலும்பு சுண்ணாம்பு மாதிரி பொடியும். சரி, நம் வீடுகள் பலவற்றில் மாட்டு எலும்பை அடுப்பில் ஏற்றினால் அன்றைக்கே வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். பதப்படுத்திய துண்டுகளாகவே விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளலாம். ஒட்டகம், எருமை என்று கேட்டும் வாங்கலாம். எருமைக் கொம்பும் நல்ல பொருள்: கருமை, கைக்கு இதம், தட்டினால் உடையாது. தேய்க்கும்போது முடி கருகிய வாடை அடிக்கும், அதனால் வீட்டுக்குள் செய்யாதீர்கள். மான் கொம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆவணம் இல்லாத கொம்பு வேண்டாம்.

எதை எடுத்தாலும் என்95 முகமூடி கட்டாயம். எலும்பு, சிப்பி இரண்டையும் தண்ணீர் விட்டே தேயுங்கள்.

பின்பக்கம்

ஒரே துண்டிலிருந்து 5 மி.மீ. தடிமனில் அடுத்தடுத்து இரண்டு பலகை அறுத்து, புத்தகம் போல் விரித்தால் இரண்டு பக்கமும் இழை ஒத்துப்போகும். எந்தப் பக்கம் உள்ளே என்று பென்சிலால் குறியுங்கள், வேலை மும்முரத்தில் மாறிவிடும்.

தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, கண்ணாடியில் எட்டு வடிவத்தில் தேயுங்கள். கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தால் மட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் மட்டும் மிஞ்சினால் குழிவு, ஓரத்தில் மிஞ்சினால் குவிவு. குழிவை எபாக்சி பசை நிரப்பிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஆணி அடிக்கும்போது அடியில் தாங்கல் இல்லாத அந்த இடத்தில்தான் பிடி பிளக்கும்.

அடுத்தது போல்ஸ்டரோடு மோதும் முனை. இதுவே கண்ணுக்கு நேராகத் தெரியும் இணைப்பு. பழைய போல்ஸ்டர்கள் பெரும்பாலும் துல்லியமான செங்கோணத்தில் இருக்காது, அதனால் மூலைமட்டத்தை நம்பிப் பயனில்லை. பிடியின் முனையைப் போல்ஸ்டரில் பொருத்தி, பின்னால் கைபேசி விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே கசியவில்லையோ அந்த இடத்தை மட்டும் ஒரு அரவல் எடுங்கள். மறுபடி பொருத்திப் பாருங்கள். வெளிச்சக் கோடு முழுதாக மறையும்வரை இதே வேலைதான். அலுப்பாக இருந்தால் எழுந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். இந்த இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தால் எப்போதும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஒட்டுதலும் துளையும்

தகட்டின் வெளிப்பக்கத்தை 100 நம்பர் உப்புத்தாளால் கீறலாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். அதன்பிறகு விரல் படக்கூடாது. ஐந்து நிமிட எபாக்சியை ஒதுக்கி, 24 மணி நேரம் எடுக்கும் மெதுவான ரகத்தை வாங்குங்கள். மழை கொட்டும் மாலையில் எபாக்சி கலக்க வேண்டாம்; ஈரம் அதிகமானால் மேற்பரப்பில் பிசுபிசுப்புப் படலம் வந்துவிடும்.

இரண்டு முகத்திலும் மெல்லிய பூச்சு போதும். முனையைப் போல்ஸ்டரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளாம்ப் போடுங்கள். ரொம்ப முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து பசையில்லாத வெற்று இணைப்பாகிவிடும். அச்சாணிப் பக்கம் வழியும் பசையை உடனே ஸ்பிரிட்டால் துடையுங்கள், இல்லாவிட்டால் அலகு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் தகட்டை விசிறி போல விரித்து, உள்பக்கத்திலிருந்து துளையிடுங்கள். தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையே வழிகாட்டி. வெளிப்பக்கம் ஒரு கழிவு மரத்துண்டை அண்டக் கொடுத்தால் டிரில் வெளிவரும் இடத்தில் மரம் சிதறாது. வேகம் குறைவாக, அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டி. கொம்பில் இது இன்னும் முக்கியம், சூடானால் தூள் இளகி டிரில்லைக் கவ்வும். ஆணி 1.6 என்றால் பிடியில் துளை 1.7 இருக்கட்டும். அடிக்கும்போது ஆணி உப்பும், அந்த உப்பலுக்கு இடம் வேண்டும். ஸ்பிரிங்கின் ஓட்டையில் டிரில் வைக்காதீர்கள், அது பதம் ஏற்றிய எஃகு. ஓட்டைக்கு ஏற்ற ஆணியைத் தேடுவதுதான் முறை.

வெளிப்பக்கத் துளையின் வாயை மட்டும் கூம்பு ரீமரால் ஒரு மயிரளவு அகலப்படுத்துங்கள். ஆணித் தலை அந்தக் கூம்பில் உட்கார்ந்துதான் பிடியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒத்திகை

நிரந்தர ஆணிக்கு முன் தற்காலிக ஆணியில் முழுக் கத்தியையும் கூட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கை வைத்துக் கடை ஆணியைப் போட்டால், நடு ஓட்டை நேராக வராமல் ஒதுங்கி நிற்கும். விசை அப்படித்தான் இருக்க வேண்டும். முனை கூம்பாகத் தீட்டிய எஃகுக் கம்பியை உள்ளே தள்ளினால் ஓட்டைகள் நேராகும், அதன் வாலைத் தொட்டபடி ஆணியை உள்ளே விடலாம்.

இப்போது திறந்து, பாதியில் நிறுத்தி, மூடிப் பாருங்கள். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு தகட்டோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இருந்தால் மறுபடி பிரித்து, பிடியின் வெளிக்கோட்டைத் தகட்டு விளிம்புவரை அரத்தால் கொண்டுவாருங்கள். அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம் வெளியே தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். மேல்வளைவு உங்கள் இஷ்டம். ஆனால் போல்ஸ்டரோடு சேரும் இடத்தில் பிடி அதே உயரத்தில் இருக்கட்டும், வழிந்து இறங்கினால் மலிவாகத் தெரியும். 400 நம்பர்வரை தேய்ப்பதையும் ஆணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஆணி அடித்தல்

ஆணியை இரண்டு பக்கமும் விட்டத்தில் பாதியளவு, சுமார் 0.8 மி.மீ. வெளியே நிற்கும்படி வெட்டி, முனைகளை மட்டமாக அரவுங்கள். பட்டடைக்குப் பதில் கனமான எந்த இரும்பும் போதும். உருண்டைத் தலையுள்ள லேசான சுத்தியலால், ஆணியின் ஓரங்களைச் சுற்றிச் சுற்றிச் சின்னத் தட்டலாகத் தட்டுங்கள். நாலு தட்டு, திருப்பு, மறுபக்கம் நாலு தட்டு. சத்தத்தைக் கேளுங்கள்: ஆரம்பத்தில் தளர்வாகக் கேட்கும், ஆணி துளையை நிரப்பியதும் கெட்டியாகும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் நாலு தட்டு என்று கை போகும். எலும்புப் பிடிகள் விரிசல் விடுவது அந்த நாலு தட்டில்தான்.

நடு ஆணியை முதலில் பாதி இறுக்கி, கடை ஆணியைப் பாதி இறுக்கி, அலகைத் திறந்து மூடிப் பார்த்து, பிறகு முழுதாக முடியுங்கள். மூடிய அலகு ஒரு பக்கத் தகட்டில் உரசினால், எந்தப் பக்கம் அதிகம் அடித்தீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

வெண்ணிற எலும்பிலும் வெளிர் மரத்திலும் ஒரு தொல்லை உண்டு. ஆணித் தலையை அரவும்போது பித்தளைத் தூள் நுண்துளைகளில் இறங்கிக் கரும்பச்சைக் கறையாகும். தலையைச் சுற்றி முன்கூட்டியே மெல்லிய சூப்பர் குளூ தடவிக் காயவிட்டால் கறை மேலோடு நிற்கும், தேய்த்தால் போய்விடும்.

மெருகு

600, பிறகு 1000 நம்பர். மரத்துக்கு டங் எண்ணெய் அல்லது காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகத் தடவி, துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. நம் ஈரக்காற்றில் இது காய நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயும் ரகமே இல்லை. பிசுக்கும் தூசியும்தான் மிஞ்சும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு வீசுங்கள். எலும்புக்கும் கொம்புக்கும் எண்ணெய் தேவையில்லை, மெருகுப் பசையும் பழைய பருத்தித் துணியும் போதும்.

வைத்திருப்பது

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் தங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து அலகைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் மரப்பிடிக் கத்தியை 50 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவிடாதீர்கள். இல்லையென்றால் மூடியுள்ள டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். செல்லுலாய்டு பிடியுள்ள கத்தி எதுவும் இருந்தால் அதற்குத் தனி இடம், காற்றோட்டமாக.

மாதம் ஒருமுறை அலகுக்கும் ஸ்பிரிங் இடுக்குக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முதல் ஒரு வருடம் பிடியின் விளிம்பை அவ்வப்போது நகத்தால் தடவிப் பாருங்கள். தகடு எட்டிப் பார்த்தால் மரம் இன்னும் சுருங்குகிறது. உடனே அரத்தை எடுக்காதீர்கள். சில மாதம் பொறுத்து, அதற்குமேல் அசையவில்லை என்று தெரிந்தபிறகு தகட்டு விளிம்பை 600 நம்பர் தாளால் மரத்தின் மட்டத்துக்கு இறக்கினால் போதும்.